விழக் கற்ற வீரர்

நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளின் மாலைப் பொழுது இக்காலத்தில் அவர்கள் வசம் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு பிள்ளை பாட்டு வகுப்புக்கு ஓடுகிறது. ஒன்று கணக்கு வகுப்புக்கு. மற்றொன்று வெள்ளை உடுப்பை அணிந்து, இடுப்பில் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கராத்தே அல்லது ஜூடோ வகுப்புக்கு. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய பெற்றோருக்கு, தம் மக்கள் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எதிலும் குறைந்துவிடலாகாது என்ற எண்ணம் மேலோங்கி நிற்பது இயல்பே. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "ஜெயித்தாயா?" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை என்பதை மட்டும் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

அக்கேள்விக்கு ஏழரை ஆண்டுக் காலம் 'இல்லை, தோற்றேன்' என்று ஒருநாளும் விடை கூற நேராத ஒருவர் ஜப்பான் நாட்டில் உண்டு. அவர் பெயர் யாசுஹிரோ யமாஷிட்டா. 1977 அக்டோபர் முதல் 1985-இல் ஓய்வு பெறும் வரை தொடர்ச்சியாக 203 வெற்றிகள். இடையே 7 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. தோல்வி ஒன்றுகூட இல்லை. அயல்நாட்டு வீரர் எவரிடமும் அவர் தம் வாழ்நாளில் தோற்றதே கிடையாது. இத்தகைய மனிதர் வெற்றியைப் பற்றி என்ன கருதுகிறார் என்பதை நம் வாசக நேயர்கள் அறிந்துகொண்டால், பிள்ளைகளை வளர்ப்பதற்கு அது ஓரளவு துணை செய்யும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலில் ஜூடோ என்பது யாது என்று சுருக்கமாகக் கூறிவிடுதல் நலம். ஜப்பானில் ஜுஜுத்ஸு என்ற பழைய மற்போர்க் கலை ஒன்று இருந்தது. போர்வீரர் குலம் மறைந்து, அக்கலையும் மதிப்பிழந்துவந்த காலத்தில், ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர் அதிலிருந்த கொடிய பிடிகளையும் அடிகளையும் நீக்கி, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி, 1882-ஆம் ஆண்டில் தோக்கியோ நகரத்தில் ஒரு புத்த ஆலயத்தின் சிறு கூடத்தில் கற்பிக்கத் தொடங்கினார். கூடத்தில் விரித்திருந்த பாய்கள் 12. அதுவே பின்னர் உலகப் புகழ் பெற்ற கோடோகான் பயிற்சிக் கூடமாயிற்று. ஜூடோ என்ற சொல்லுக்கு 'மென்மையின் வழி' என்று பொருள். வெள்ளத்தில் மரம் சாய்ந்துபோக நாணல் வளைந்து பிழைப்பது போல, எதிரியின் வேகத்துக்கு வளைந்து கொடுத்து, அவ்வேகத்தைக் கொண்டே அவனை வீழ்த்துவது இதன் உள்ளுறை. உள்ள வலிமையைச் சிறிதும் வீணாக்காமல் பயன்படுத்துவது ஒன்று. தானும் பிறரும் சேர்ந்து உயர்வது மற்றொன்று: இவ்விரண்டையுமே கானோ தம் கலையின் குறிக்கோள்களாக வைத்தார்.

போட்டியின் விதிகளும் எளியவையே. எதிரியை வேகமும் வலிமையும் கொண்டு முதுகு முழுதும் பாயில் படும்படி வீழ்த்தினால் 'இப்போன்' என்னும் முழுப் புள்ளி. ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். தரையில் மல்லாத்தி, எழவிடாமல் குறித்த நேரம் அழுத்திப் பிடித்திருந்தாலும் வெற்றியே. யமாஷிட்டாவின் காலத்தில் அந்நேரம் 30 வினாடிகள். கழுத்துப் பிடியாலும் கைமூட்டுப் பிடியாலும் எதிரியைப் பணிய வைக்கலாம். பணிபவர் உள்ளங்கையால் இருமுறை தட்டினால் போதும். பிடித்திருப்பவர் உடனே விட்டுவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு பாடம் உண்டு. அதற்கு 'உகேமி' என்று பெயர். விழும் கலை என்று நாம் அதைச் சொல்லலாம். தாடையை மார்பை நோக்கி ஒடுக்கி, தலை தரையில் மோதாதவாறு காத்து, கையால் பாயை ஓங்கி அறைந்து, விழுகின்ற அதிர்ச்சியை உடலெங்கும் பரவச் செய்வது. ஜூடோ கற்கப் போகும் பிள்ளைக்கு யாரையும் வீழ்த்த முதல்நாள் கற்றுத் தருவதில்லை. விழுந்து எழவே கற்றுத் தருகிறார்கள். யமாஷிட்டாவும் அவ்வாறு விழக் கற்றே தொடங்கினார்.

ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷூ தீவில், குமமோட்டோ மாவட்டத்தைச் சேர்ந்த மலைப்பாங்கான சிற்றூர் ஒன்றில் 1957 ஜூன் 1-ஆம் நாள் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே பருத்த உடல், அதற்கேற்ற முரட்டுத்தனம். உடன் படிக்கும் பிள்ளைகள் அவரைக் கண்டு அஞ்சினர். பையனின் வலிமைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று கருதிய வீட்டார், தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே ஜூடோ பயிலச் சேர்த்துவிட்டனர். பதக்கம் வாங்கி வருவான் என்ற ஆசையினால் அன்று. பிறருக்குத் தொல்லை கொடாதிருக்கக் கற்றுக்கொள்வான் என்ற நம்பிக்கையினால். ஓடித் திரிந்து பிறரைத் தள்ளிய சிறுவனுக்கு, அதே தள்ளுதலை விதிகளுக்கு உட்பட்டு, வணக்கம் சொல்லித் தொடங்கி வணக்கம் சொல்லி முடிக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே அவன் கட்டுக்கு அடங்கினான்.

நடுநிலைப் பள்ளியில் படிக்கையில் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒலிம்பிக் பந்தயத்தில் வென்று, தம் நாட்டுக் கொடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே தம் கனவு என்று அவர் எழுதினார். அக்கனவை நாடி, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பிறந்த தீவை விட்டுப் புறப்பட்டு, தோக்கியோவுக்கு அண்மையிலுள்ள டோக்கைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பள்ளியில் வந்து சேர்ந்தார். சொந்த ஊர்ப் பேச்சும் உணவும் உறவும் தொலைவிலாகிப்போன பதின்பருவத்துப் பிள்ளையின் நிலை எத்தகையது என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அங்கே அவரைப் பயிற்றுவித்தவர் நொபுயுக்கி சாட்டோ; தாமே உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர்.

1977-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், 19 வயதில், யமாஷிட்டா அனைத்து ஜப்பான் ஜூடோப் போட்டியில் முதலிடம் பெற்றார். அவ்வயதில் அப்பட்டத்தை அதுவரை எவரும் வென்றதில்லை. இப்போட்டியில் எடைப் பிரிவுகள் கிடையா. 60 கிலோ எடையுள்ளவரும் 120 கிலோ எடையுள்ளவரும் ஒரே பாயில் நிற்க வேண்டியதுதான். உலகப் பட்டத்தைவிட இதைப் பெரிதாகக் கருதும் ஜப்பானியர் பலர் உண்டு. அதனை 1985 வரை தொடர்ந்து 9 முறை அவர் வென்றார். 180 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 127 கிலோ எடையும் உடையவராயினும், பருமன் ஒன்றையே நம்பி நின்றவர் அல்லர். நின்றவாறு வீழ்த்துவதிலும், வீழ்த்திய எதிரியைத் தரையில் தொடர்ந்து சென்று மடக்குவதிலும் அவர் ஒருங்கே தேர்ந்திருந்தார். பாதி வீழ்ச்சியோடு தப்பினோம் என்று எதிரி மூச்சு விடுவதற்குள், பாறை புரண்டு விழுந்தாற்போல் மேலே படர்ந்துவிடுவார். 1979-இல் பாரிஸ் நகரத்தில் முதல் உலகப் பட்டமும் கைவந்தது. அடுத்து மிஞ்சியிருந்தது ஒலிம்பிக் ஒன்றே.

1980-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் மாஸ்கோவில் நடைபெறுவதாக இருந்தன. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்தமையால், அமெரிக்கா பந்தயங்களைப் புறக்கணிக்கும்படி நட்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஜப்பானிய வீரர்கள் கூடித் தங்களை அனுப்பும்படி மன்றாடினர். சிலர் கண்ணீர் விட்டனர். பயனில்லை. மே திங்களில் ஜப்பான் ஒலிம்பிக் குழு, வீரர்களை அனுப்புவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. வீரர்கள் எவரும் தொடுக்காத போருக்கு வீரர்களே விலை கொடுத்தனர். 23 வயதை எட்டவிருந்த யமாஷிட்டாவுக்கு, பள்ளிக் கட்டுரையில் எழுதிய கனவு மேலும் நான்கு ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. மல்லர்க்கு நான்கு ஆண்டு என்பது சிறு காலமன்று.

இவ்விடத்தில் நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறாமற் போவதற்கில்லை. இந்தியா அப்பந்தயங்களைப் புறக்கணிக்கவில்லை. நம் ஹாக்கி அணி மாஸ்கோ சென்று, இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்ற கணக்கில் வென்று தங்கம் கொணர்ந்தது. அவ்வணியின் தலைவர் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அப்பெருமையை நாம் இன்றும் நினைந்து மகிழ்கிறோம். அதே பந்தயங்களின் வாயில் வேறு பல நாட்டு வீரர்களுக்கு அடைபட்டிருந்தது என்பதையும் உடன் நினைப்பது நேர்மையாகும். ஒரே நிகழ்ச்சி ஒரு வீட்டில் விளக்கேற்றவும், இன்னொரு வீட்டில் விளக்கணைக்கவும் கூடும்.

துன்பம் தனித்து வருவதில்லை. அதே மே திங்களில் நடந்த எடைப்பிரிவுப் போட்டியில், சுமியோ எண்டோ என்ற வலிய வீரருடன் பொருதபோது யமாஷிட்டாவின் கால் எலும்பு முறிந்தது. 'கானி பஸாமி' எனப்படும் அப்பிடியில், எதிரியின் கால்களைத் தம் இரு கால்களுக்கிடையே கத்தரிக்கோல் போல் பற்றி வீழ்த்துவார்கள். பிற்காலத்தில் போட்டிகளில் இப்பிடியே தடை செய்யப்பட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாம் மேலே கூறிய 7 சமநிலைகளில் இதுவும் ஒன்று. கனவும் காலும் ஒரே திங்களில் முறிந்த பின்னர், அவர் மீண்டும் பாயில் கால் வைத்து, 1981 செப்டம்பரில் மாஸ்ட்ரிக்ட் நகரத்து உலகப் போட்டியில் 95 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவிலும், எடை வரையறையற்ற பிரிவிலும் ஆக இரண்டு பட்டங்களை வென்றார். 1983-இல் உலகப் போட்டி எங்கே நடந்தது என்பதையும் கேளுங்கள்: மாஸ்கோவில்! மூன்று ஆண்டுகளுக்கு முன் தமக்கு அடைபட்ட அதே நகரத்தில் அவர் தங்கம் பெற்றார்.

1984 ஆகஸ்டு 11. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஒலிம்பிக்கில் எடை வரையறையற்ற பிரிவு கடைசி முறையாக நடைபெற்ற ஆண்டு அதுவே. இப்பிரிவில் ஜப்பானுக்கு ஒரு பழைய காயமும் உண்டு. 1964-இல் தோக்கியோவில் ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, இதே பிரிவின் இறுதியில் ஹாலந்து நாட்டு அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். வெற்றிக் களிப்பில் பாயின்மீது ஓடிவர முயன்ற தம் நாட்டாரை ஹேசிங்க் கையுயர்த்தித் தடுத்து, தோற்றவருக்கு முறைப்படி வணக்கம் செலுத்திய பின்னரே இறங்கினார் என்பர். அக்காட்சியை ஜப்பானியர் இன்றும் மறக்கவில்லை.

யமாஷிட்டா முதல் ஆட்டத்தில் செனகல் நாட்டு வீரரை அரை நிமிடத்திற்குள் வென்றார். இரண்டாவது ஆட்டம் மேற்கு ஜெர்மனியின் ஆர்தர் ஷ்னாபலுடன். அதில் திடீரென்று அவருடைய வலக்கால் கெண்டைச் சதை கிழிந்தது. யமாஷிட்டா இடப்பக்க ஆட்டக்காரர். இடக்காலை வீசி எதிரியை வீழ்த்துகையில் உடற்பாரம் முழுவதையும் தாங்கி நிற்க வேண்டியது வலக்காலே. அந்தக் கால்தான் போயிற்று. எவ்வாறோ கழுத்துப் பிடியொன்றால் அவ்வாட்டத்தை வென்று, நொண்டிக்கொண்டே பாயை விட்டு வெளிவந்தார். அரங்கம் முழுவதும் அதைக் கண்டது. அடுத்து எதிர்நிற்க வேண்டியவர்களும் கண்டனர். அரையிறுதியில் பிரான்சு நாட்டு லோரான் தெல் கொலம்போ, தொடங்கிய அரை நிமிடத்திலேயே அவரைச் சாய்த்து ஒரு சிறு புள்ளி பெற்றுவிட்டார். அயல்நாட்டாரிடம் தோற்றறியாதவர் தரையில் விழுந்து கிடந்தார். விழுந்தவர் பதறவில்லை. எழுந்து, இடக்காலைக் கொளுவித் தெல் கொலம்போவைச் சாய்த்து, விடாமல் மேலே படர்ந்து, அழுத்திப் பிடித்து வென்றார்.

இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றவர் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரத்தைச் சேர்ந்த முகம்மது அலி ரஷ்வான். எதிரியின் வலக்கால் பயன்படாது என்பதை அவர் அறிவார். பாரதக் கதையில் கதாயுத்தத்தின் முடிவை நாம் அறிவோம். இடுப்புக்குக் கீழே அடிக்கலாகாது என்ற முறையை மீறித் துரியோதனன் தொடையில் வீமன் அடித்தான். பகைவன் தீயவனே ஆயினும், அவ்வடியைக் கண்டு பலராமன் சினந்தெழுந்தான் என்றுதான் கதை சொல்லுகிறது. ரஷ்வானுக்கு அத்தகைய தடையும் இல்லை. ஜூடோ விதிப்படி வலக்காலைத் தாக்குவது குற்றமே அன்று. எனினும், காயம்பட்ட காலைக் குறிவைத்து வெல்லத் தாம் விரும்பவில்லை என்று அவர் பின்னர்க் கூறினார். அவ்வாட்டத்தின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ரஷ்வான் எந்தப் பக்கம் காலை நீட்டினார் என்று வாதாடுவோர் இன்றும் உளர். அவ்வாதத்தில் நாம் புகவேண்டுவதில்லை. ரஷ்வான் இரக்கம் காட்டிச் சும்மா நின்றவர் அல்லர்; வெல்லவே வந்து, முதலில் பாய்ந்தவரும் அவரே. அப்பாய்ச்சலுக்கு இடங்கொடுத்து ஒதுங்கிய யமாஷிட்டா, நிலைகுலைந்த அவரைத் தரையில் சாய்த்து, பக்கவாட்டில் படர்ந்து அழுத்திப் பிடித்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வென்றவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பரிசளிப்பு மேடையில் நடந்ததில் ஐயத்திற்கு இடமில்லை. நடுவிலிருந்த உயர்ந்த படியில் ஏற யமாஷிட்டாவின் கால் ஒத்துழைக்கவில்லை. தோற்ற ரஷ்வான் கைகொடுத்து அவரை ஏற்றிவிட்டார். அவ்வாண்டு ஒலிம்பிக்கில் எகிப்து பெற்ற ஒரே பதக்கம் ரஷ்வானின் வெள்ளியே. நேர்மையான ஆட்டத்திற்கான சர்வதேசப் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டது. 2019-இல் ஜப்பானிய அரசு அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. தங்கம் வென்றவர்களின் பட்டியல் நீண்டது; அதிலுள்ள பெயர்களில் பெரும்பாலானவற்றை நாம் மறந்துவிட்டோம். வெள்ளி பெற்ற ரஷ்வானின் பெயரோ நிலைத்து நிற்கிறது.

1985 ஏப்ரலில் ஒன்பதாவது முறையாக அனைத்து ஜப்பான் பட்டத்தை யமாஷிட்டா வென்றார். இறுதியில் எதிர்த்தவர் ஹிடோஷி சைட்டோ. 1984 ஒலிம்பிக்கில் 95 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தங்கம் பெற்றவர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அனைத்து ஜப்பான் இறுதியில் யமாஷிட்டாவிடம் தோற்றவர். யமாஷிட்டாவைக் கடக்க வேண்டும் என்ற ஒரே நினைவுடன் பயின்ற அவருக்கு அது கிட்டாமலேயே, அவ்வாண்டு ஜூனில் யமாஷிட்டா 28 வயதில் ஓய்வு பெற்றார். ஆயின் சைட்டோ வீணாகிவிடவில்லை. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு ஜூடோவில் கிடைத்த ஒரே தங்கம் அவர் கொணர்ந்தது. ஒருவர் வளர்ந்தால் எதிரியும் வளர்வான் என்று கானோ வகுத்த குறிக்கோளுக்கு இதைவிடத் தக்க சான்று வேண்டுவதில்லை.

யமாஷிட்டாவின் கணக்கேட்டை முழுவதும் கூட்டிப் பார்த்தால் வெற்றிகள் 528, சமநிலைகள் 15, தோல்விகள் 16 என்று வருகிறது. இந்த 16 என்ற எண்ணை நாம் வேண்டுமென்றே இங்கே எடுத்துக் கூறுகிறோம். 203 வெற்றிகளின் அடித்தளத்தில் அத்தோல்விகள் கிடக்கின்றன.

ஓய்வுக்குப் பின்னர் அவர் ஆசிரியரானார். 1992 முதல் 2000 வரை ஜப்பானிய ஆடவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அவர் பயிற்றுவித்த கோசெய் இனோவே, 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, முந்திய ஆண்டில் மறைந்த தம் தாயாரின் படத்தை ஏந்தியவாறு மேடையேறினார். அதே பந்தயத்தில் ஷினிச்சி ஷினோஹாரா, பிரான்சின் தாவீத் துயேயிடம் நடுவர் தீர்ப்பொன்றினால் தோற்றார். அத்தீர்ப்பு தவறு என்று யமாஷிட்டா கடுமையாக வாதாடியும் முடிவு மாறவில்லை. ஷினோஹாராவோ நடுவரைக் குறை கூறாமல், தாம் வலுவற்றிருந்ததாலேயே தோற்றதாகக் கூறி அமைந்தார். மாணவனுக்காக ஆசிரியர் வாதாடுவதும், ஆசிரியர் வாதாடிய பின்னும் மாணவன் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதும் ஒருங்கே காணக் கிடைப்பது அரிது. 2006-இல் யமாஷிட்டா ஒரு தொண்டு அமைப்பை நிறுவி, பயன்படுத்திய ஜூடோ உடுப்புகளை வசதியற்ற நாடுகளுக்கு அனுப்பும் பணியிலும் ஈடுபட்டார்.

இனி, நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 2017-இல் யமாஷிட்டா அனைத்து ஜப்பான் ஜூடோக் கூட்டமைப்பின் தலைவரானார். 2022 மார்ச்சு திங்களில் அக்கூட்டமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடந்துவந்த தேசியத் தனிநபர்ப் போட்டி இனி நடைபெறாது என்பதே அது. காரணம் யாது? வெற்றி ஒன்றையே பெரிதாகக் கருதும் போக்கு மிகுந்துவிட்டது. பயிற்சியாளர்கள் சிறுவர்களை வசை பாடுகின்றனர். பெற்றோர் நடுவரைப் பழித்துக் கூச்சலிடுகின்றனர். எடைப்பிரிவில் சேர்க்க வேண்டி, வளரும் பிள்ளைகளின் உணவைக் குறைத்து எடை இறக்குகின்றனர். 203 வெற்றிகளுக்கு உரியவர் தலைமையில் அமைந்த சபையே சிறுவர்களின் வெற்றி மேடையைக் கலைத்தது!

அதற்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. இலக்கு இல்லாவிடில் பிள்ளைகள் முயல்வார்களா என்று கேட்டோர் உண்டு. அக்கேள்வியையும் நாம் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயின் ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் 2010 வரையிலான காலத்தில் ஜூடோப் பயிற்சியின்போது நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெரும்பாலும் தலையில் ஏற்பட்ட அதிர்ச்சியினால். அவர்களுள்ளும் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டு மாணவர்களே மிகுதி. விழக் கற்பதற்குள் வீழ்த்தப்பட்டவர்கள் அவர்கள். அக்கலை பிறந்த நாட்டிலேயே, அதன் முதல் பாடத்தை அவசரம் விழுங்கிவிட்டது.

நம் நாட்டுக்கும் இக்கலைக்கும் உள்ள தொடர்பு பழையது. கவியரசர் தாகூர் 1929-இல் ஷின்சோ தகாகாக்கி என்ற ஜப்பானிய ஆசிரியரை வரவழைத்துச் சாந்திநிகேதனத்தில் ஜூடோ கற்பிக்கச் செய்தார். பதக்கம் பெறுவது அவர் நோக்கமன்று. ஒலிம்பிக்கில் அன்று ஜூடோவே கிடையாது. கவிதை பயிலும் மாணவர்க்கு உடலும் உறுதியாக வேண்டும் என்பதே அவர் கருத்து. 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த பார்வைக் குறைபாடுடைய கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிட்டிய முதற்பதக்கம் அது. சிறு வயதில் வயலில் மின்சாரம் தாக்கி நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தவர் அவர்.

யமாஷிட்டாவின் வாழ்வில் கடைசி வீழ்ச்சி 2023 அக்டோபரில் நேர்ந்தது. ஹகோனே என்னுமிடத்தில் வெந்நீர்க் குளியலின்போது மயங்கி விழுந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கைகால்கள் செயலிழந்தன. ஆயிரமாயிரம் முறை விழப் பயின்ற உடலும் நினைவிழந்து விழுகையில் தன்னைக் காத்துக்கொள்ள இயலவில்லை. இதில் நீதி கற்பிக்க நாம் முயலவில்லை. மனித உடலின் எல்லை அவ்வளவே. அந்நிலையிலும் அவர் ஒடுங்கிவிடாமல், பிறருடன் பேசியும் கருத்துரைத்தும் வருகிறார் என்பதை மட்டும் மதிப்புடன் குறிப்பிட விரும்புகிறோம்.

பிள்ளைகளை இக்கலை பயில அனுப்பும் நம் சங்க அன்பர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம். வகுப்பில் சேர்க்குமுன் ஒருநாள் நேரில் சென்று அமர்ந்து பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஆசிரியர் எத்தனை வாரம் விழக் கற்பிக்கிறார் என்று கேளுங்கள். சிமென்டுத் தரைமேல் மெல்லிய விரிப்பை விரித்துப் பயிற்றும் இடமானால் திரும்பி வந்துவிடுங்கள். விழுந்த பின்னர்த் தலைவலி, குமட்டல் என்று பிள்ளை சொன்னால், சோம்பலால் சொல்கிறான் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைக் குறைக்கும்படி சிறுபிள்ளையின் சோற்றைக் குறைக்கச் சொல்லும் பயிற்சியாளருக்கு உடன்படாதீர்கள். போட்டி மண்டபத்தில் நடுவரை நாம் ஏசினால், பிள்ளையும் அதையே கற்றுக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இத்தனையும் சரியாக அமைந்த இடம் கிடைத்தால், மகனை மட்டுமன்றி மகளையும் தயங்காது அனுப்புங்கள். ஒலிம்பிக்கில் மகளிர் ஜூடோ 1992 முதல் முறையாக இடம் பெற்றிருக்கிறது. அயலூரில் தனித்து நடக்க வேண்டிய நம் பெண்மக்களுக்கு, விழுந்தாலும் எழத் தெரியும் என்ற துணிவைப்போல் நாம் கொடுத்தனுப்பக்கூடிய சீர் வேறில்லை.